விரிப்புக்கு அடியில் கோடு

கை மேலே போய்விட்டது. முஷ்டி மடங்கி, முழங்கை செங்குத்தாக, விடுதி அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனையோ நாள் பழகிய அதே கோணத்தில். வாயும் "அவுட்" என்று சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தமயந்திக்குத் தான் சொன்னது பாதி என்று தெரிந்தது. ஷாமியானாவுக்குள் முன்வரிசை நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, யாருடைய காகித டம்ளர் தேநீரையோ சிவப்பு விரிப்பின் மேல் கொட்டி, தருமபுரி அணியின் ரூபாவதி குப்புறக் கிடந்தாள். கிடந்தபடியே கையுறையை மட்டும் தூக்கிக் காட்டினாள். பந்து உள்ளே இருந்தது. "கிரிக்கெட்டா இருந்தா இது சிக்ஸருப்பா," என்றார் பின்வரிசையில் ஒருவர். "அதான் இது கிரிக்கெட் இல்லேல்ல, பேஸ்பாலு. பேசாம டீயக் குடி." "எங்க குடிக்கிறது, அதான் கவுத்துப்புட்டாளே." நாலைந்து பேர் சிரித்தார்கள். ரூபாவதியும் சிரித்துக்கொண்டே எழுந்தாள், முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள், பந்தைத் தூக்கித் தன் அணிப் பெண்ணிடம் போட்டாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. தமயந்தியின் கை இன்னும் மேலேயே இருந்தது. அதை எப்போது இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் தொப்பியைச் சரிசெய்வதுபோல இறக்கினாள். பக்கத்தில் மூன்றாவது பேஸ் என்கிற வெள்ளைத் திண்டின் மேல் ஒரு காலை வைத்து நின்ற சிவகங்கைப் பெண் பாண்டிச்செல்வி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். கடைசி இன்னிங்ஸின் பின்பாதி, சிவகங்கைக்கு இன்னும் ஒரு அவுட் மிச்சம். நாலுக்கு நாலு. இந்தப் பெண் இங்கிருந்து தொண்ணூறு அடி நடந்து, பந்தை அடிப்பவள் நிற்கிற ஹோம் பேஸைத் தொட்டால் ஐந்து, ஆட்டம் முடிந்தது, சிவகங்கைக்கு மூன்றாம் இடம். மூன்றாம் இடம்வரைக்கும்தான் சான்றிதழ். தோற்கிற அணிக்கு ஊருக்குப் போகிற பேருந்து மட்டும்தான். ஓடக்கூட வேண்டாம். நடந்தால் போதும். நட என்று தமயந்தி சொன்னால் போதும்.

ஏனென்றால் விதி அப்படி. அது அவளுக்கு மனப்பாடம். அம்பயர் தேர்வில் பதினொன்றாவது கேள்வியாக இதேதான் வந்தது. எல்லைக்கு உள்ளே நின்று பந்தைப் பிடித்தவள் பந்தோடு எல்லைக்கு வெளியே போனாலோ விழுந்தாலோ, அடித்தவள் அவுட், ஆட்டம் அந்த நொடியே நிற்கும், பேஸ்களில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்த பேஸ் கொடுக்கப்படும். கொடுக்கப்படும் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தாள். பந்தைப் பிடிக்கும்போதே கால் வெளியில் இருந்தால் அது கேட்சே இல்லை. அவுட்டும் இல்லை, அடித்தவள் திரும்பவும் அடிக்கலாம். இந்த இரண்டில் ஒன்று. முழு மதிப்பெண். தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்தவர் "பொண்ணு அழகா எழுதியிருக்கு" என்றார், கையெழுத்தைத்தான் சொன்னார். உள்ளே பிடித்து வெளியே விழுந்தாளென்றால் பாண்டிச்செல்விக்கு ஹோம். வெளியே நின்று பிடித்தாளென்றால் அவுட்டே இல்லை. இப்போது மைதானத்தில் நிற்பது என்ன? அடித்தவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறாள், பாண்டிச்செல்வி இருந்த இடத்திலேயே இருக்கிறாள். இரண்டுமில்லை. நடந்திருக்கவே முடியாத ஒன்றை அவள் கை உண்டாக்கிவிட்டது, எல்லாரும் அதை நம்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். யாராவது கேட்டிருந்தால். சிவகங்கை அணியின் எஸ்தர் டீச்சர் ஓடிவந்து என்னம்மா இது என்று ஒரு சத்தம் போட்டிருந்தால். எஸ்தர் டீச்சர் வாலிபால்காரர், இந்த ஆட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, கிரிக்கெட் தெரிந்த பிள்ளைகளைப் பொறுக்கி அணி சேர்த்திருக்கிறார். அவர் எல்லைக்கு வெளியே நின்று பாண்டிச்செல்வியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். "அவ அங்க விழுந்து கெடக்கா, நீ இங்க செலை மாதிரி நிக்கிற. அப்பவே ஓடியிருந்தா வந்து சேந்திருக்கலாம்ல. ஒனக்குக் காலு இருக்கா, அடகு வச்சிட்டியா?" பாண்டிச்செல்வி ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். அடுத்த பந்து வீசப்படும்வரை திருத்தலாம். அதுவும் விதிதான். அடுத்த பந்து வீசிவிட்டால், நடந்திருக்க முடியாதது நடந்ததாகிவிடும்.

தமயந்தி ரூபாவதியின் கால்களைப் பார்க்கவில்லை. அதுதான் விஷயம். அம்பயர் பார்க்க வேண்டியது முதலில் கால், பிறகு பந்து. வகுப்பில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவள் பார்த்ததோ மற்றது எல்லாம். பந்து சிறுமலையின் நீலத்துக்கு எதிரே வெள்ளையாக ஏறி ஒரு நொடி அசையாமல் நின்றது. ரூபாவதி தலையை அண்ணாந்துகொண்டே ஓடிவந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, முன்பல் ஒன்று ஓரமாகச் சிதைந்திருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் வளையல் கையால் மடியிலிருந்த கைப்பையை இழுத்துக்கொண்டாள். பந்து கையுறையில் தப் என்று விழுந்தபோது ரூபாவதியின் தலை ஒரு வெட்டு வெட்டியது, முடியிலிருந்து நீலக் கிளிப் ஒன்று தெறித்து அப்படியே நேராக அவள் காலடியில் விழுந்தது. அப்புறம் இன்னும் இரண்டு எட்டோ மூன்று எட்டோ, தெரியாது, நிற்க முடியாமல் போன எட்டு. அப்புறம் நாற்காலி. இத்தனையையும் பார்த்தவளுக்குக் கோட்டை மட்டும் பார்க்கத் தெரியவில்லை. பார்க்கக் கோடு அங்கே இருக்கவும் இல்லை. காலையில் இருந்தது. சுண்ணாம்புத் தூளைத் தகர டப்பாவில் தட்டித் தட்டிப் போட்ட எல்லைக்கோடு, மூன்றாம் பேஸ் பக்கத்தில் நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினருக்காக நாற்காலிகளை முன்னுக்கு இழுத்தார்கள், ஷாமியானாக்காரர் சிவப்பு விரிப்பைத் தோளில் கொண்டுவந்து ஒரு உதறு உதறி விரித்தார், வெள்ளை அதற்கு அடியில் போய்விட்டது. விரிப்பின் எந்த ஓரத்தில் என்று தெரியவில்லை. தமயந்தி தூரத்தில் நின்று பார்த்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆட்டத்துக்கு முன்னால் அருளானந்தம் சார், அவர்தான் ஹோம் பேஸுக்குப் பின்னால் நிற்கிற தலைமை அம்பயர், இரண்டு அணிகளையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். எனக்கு முட்டி சரியில்ல, மூணாம் பேஸ் பக்கம் வர்ற பந்தெல்லாம் இந்தப் பொண்ணு பாத்துக்கும் என்றார். "ஏம்மா, மைதானத்தப் பத்தி ஏதாச்சும் சொல்லணுமா?" என்று அவள் பக்கம் திரும்பினார். பதினெட்டுப் பெண்களும் இரண்டு டீச்சர்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று. அந்தத் தலையாட்டல் அப்போது எவ்வளவு சின்னதாக இருந்தது. தலையை ஆட்டுவது அவளுக்கு எப்போதும் வாய் திறப்பதைவிடச் சுலபம்.

சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்து ஆட வேண்டியவள் மட்டையைச் சுழற்றிக்கொண்டு வருகிறாள், சார் குனிந்து ஹோம் பேஸைத் தூரிகையால் துடைக்கிறார். நாற்பதே எட்டில் போய்விடலாம், சார் ஒரு நிமிஷம் என்று. ஒரு எட்டு வைத்தாள். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம். ஆட்டத்தைச் சற்று நிறுத்தி வீராங்கனைகள் அனைவரும் வரிசையில் வந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." வெள்ளைக் கார் ஒன்று ஓடுபாதைமேலேயே ஏறி வந்து ஷாமியானா பக்கம் நின்றது. பெண்கள் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு ஓடினார்கள். தமயந்திக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆட்டம் நிற்கிறது, அடுத்த பந்து இப்போதைக்கு இல்லை, இதற்குள் சாரிடம் சொல்லிவிடலாம், யாரோ தனக்காகவே நேரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்ல எழுப்பும்போது மணி அடித்துவிட்டால் வருகிற நிம்மதி. மணி அடித்தாலும் அடுத்த நாள் அதே கணக்கு அங்கேயேதான் இருக்கும். நிம்மதி போய்ப் பழைய குளிர் வந்து உட்கார்ந்தது. இது அவளுக்குத் தெரிந்த குளிர். ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

அன்றைக்கும் இதே மாதிரி வெயில் ஏறுகிற காலைதான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அம்மா வாய்வுதான் என்று சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். அது கொதித்து, ஆறி, அவர் ரெண்டு மடக்கு குடித்து, அதன் பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா தலைப் பக்கம், தமயந்தி கால் பக்கம். அப்பாவின் பாதங்கள் அவள் இரண்டு அக்குளிலும் இருந்தன, குதிகால் வெடிப்பு சுடிதார் துணியில் சொரசொரத்தது. அவள் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சித்தப்பாவுக்குப் பின்னால் நடந்தாள், தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று. முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் அவர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது, அதை மிதிக்காமல் தாண்டினாள், பிறகு நிலைப்படி, பிறகு வாசல், பிறகு ஆட்டோ. ஆஸ்பத்திரியில் டாக்டர், அவரும் வயதில் சின்னவர்தான், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "வீட்டுலயேவா, வர்ற வழியிலயா?" கேட்டது அம்மாவிடம். அம்மா "வழியிலதான்" என்றாள். "வாசல் தாண்டுறப்ப மூச்சு இருந்துச்சு." சொல்லிவிட்டுத் தமயந்தியைப் பார்த்தாள். "இருந்துச்சுல்ல?" அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று. பேனா ஓடியது. இன்றைக்கு வரைக்கும் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்கிறாள், வாசல் தாண்டுறப்ப மூச்சு இருந்துச்சு, தமயந்திதான் காலப் பிடிச்சுக்கிட்டு வந்தா, அவளக் கேளுங்க. யாரும் கேட்டதில்லை. அப்போது காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்க்கவில்லை, இப்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு காலைப் பார்க்கவில்லை. இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். ஒரு பந்து. பன்னிரண்டு ரூபாய் சோடாவைக் குடித்துக்கொண்டு ஜனங்கள் பார்க்கிற ஒரு ஆட்டம். ஆனால் பாண்டிச்செல்விக்கு அப்படி இல்லையே.

பாண்டிச்செல்வி வரிசைக்குப் போகிற வழியில் அவள் பக்கத்தில் நின்றாள். காதுக்குக் கீழே வியர்வையோடு செம்மண் ஒட்டியிருந்தது. "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" தமயந்தி அவள் பக்கம் திரும்பினாள். கேள். நீ கேள். கேட்டுவிட்டாயென்றால் நான் சாரிடம் போக ஒரு காரணம் கிடைத்துவிடும், இந்தப் பிள்ளை கேக்குது சார் என்று சொல்லலாம், நானாகப் போனதாக இருக்காது. "அவ விழுந்தப்ப நான் ஓடியிருக்கணுமா மேடம்? டீச்சரு வையுது. சர்டிபிகேட்டு போச்சுன்னா எங்கப்பாகிட்ட நீயே பேசிக்கங்குது. காலேஜு சீட்டு அதவச்சுத்தான் மேடம் தர்றேன்னிருக்காங்க." "ஓட வேண்டியதில்ல," என்றாள் தமயந்தி. குரல் வந்துவிட்டது. அது உண்மை. ஆட்டம் நின்றுபோன பிறகு ஓட என்ன இருக்கிறது. ஓட வேண்டியதில்லை, அது உனக்குச் சும்மா கிடைக்க வேண்டியது. அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வாய் திறந்தது. பாண்டிச்செல்வி காத்திருக்கவில்லை. "அப்ப நான் நின்னது சரிதானே மேடம்?" அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தாள் தமயந்தி. "சரிதான்." அந்தப் பெண் திரும்பி வரிசைக்கு ஓடிக்கொண்டே கத்தினாள், "டீச்சர், நின்னது சரியாம், மேடமே சொல்லிட்டாங்க." எஸ்தர் டீச்சர் "ஆமா, நீ நின்னது சரிதான், நாந்தான் தப்பா நிக்கிறேன்" என்றார். வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மேடமே சொல்லிட்டாங்க. தமயந்தி தன் நாக்கைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்தாள். பொய் சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையின் பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அந்தப் பிள்ளை முழுசு என்று நினைத்து வாங்கிக்கொண்டு போகிறது.

வரிசையின் கோடியில் சாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். விருந்தினர், யாரோ நூற்பாலைக்காரர், ஒவ்வொரு பெண்ணுக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருத்தியிடமும் "எந்த ஊரு?" என்றார், சட்டையிலேயே எழுதியிருந்தும். சாரின் முகமூடி நெற்றிமேல் ஏறியிருந்தது, நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "சார்," என்றாள், "அந்த கேட்ச்..." "நல்லா கொடுத்தம்மா. கை அப்படித்தான் இருக்கணும். நானே பாத்து அசந்துட்டேன்." "இல்ல சார், அவ வெளிய விழுந்துட்டா. பந்தோட." "ஆமா, பாவம், முட்டி சிராய்ச்சிருக்கும். ரெண்டு சொட்டு மருந்து போடச் சொல்லு." விருந்தினர் ஏழு பெண்களுக்கு அப்பால் இருந்தார். ஆறு. சொல் இப்போது சொல். "சார், பந்தோட வெளிய போனா எல்லாருக்கும் ஒரு பேஸ் கொடுக்கணும். நான் கொடுக்கல." சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாளா? சார் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண் கொஞ்சம் சுருங்கியது. அவருக்கும் விதி தெரியும், மறந்திருந்தது நினைவுக்கு வருகிற முகம் அது. அந்த முகத்தில் வந்த பயத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. பெரியவர்களுக்கும் அப்படி ஒரு பயம் உண்டு என்பது அவளுக்கு ஏதோ செய்தது. "கொடுத்தா இப்பவே ஆட்டம் முடிஞ்சு போயிரும்," என்றார் மெதுவாக. "ஆமா சார்." "இவரு இப்பத்தான் வந்து எறங்கியிருக்காரு." விருந்தினர் நாலு பெண்களுக்கு அப்பால். "கால் எங்க இருந்துச்சு? பிடிக்கிறப்ப, கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" அதே கேள்வி. பேனா மட்டும் இல்லை. "கோடு விரிப்புக்கு அடியில இருக்கு சார்." "அது தெரியும். நீ பாத்தியா இல்லையா?"

இந்த முறை தலையை ஆட்டக் கூடாது என்று அவள் நினைத்தாள். ஆமாம் சார், உள்ளேதான், நான் பார்த்தேன் என்று சொல்லலாம். சொன்னால் பாண்டிச்செல்விக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். ஆனால் உள்ளேதான் என்று எப்படித் தெரியும்? வெளியே நின்று பிடித்திருந்தால்? அப்போது அடித்தவளைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும், ரன் கொடுத்தால் அது ரூபாவதியிடமிருந்து பறித்தது ஆகும். தருமபுரிப் பெண்களும் ஏழு மணி நேரம் பேருந்தில் வந்தவர்கள்தானே. அம்மாவுக்காக ஒரு தடவை தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டியாகிவிட்டது, அந்தத் தலையாட்டல் நாலு வருஷமாக வீட்டில் ஒரு ஆளைப்போல நடமாடுகிறது. விரிப்பின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தால் போதும். "விரிப்பக் கொஞ்சம் தூக்கிப் பாத்துட்டா..." என்று ஆரம்பித்தாள். "விருந்தாளி அதுமேல நிக்கிறாரு, உருவச் சொல்றியா?" உண்மைதான், விருந்தினரின் பழுப்புச் செருப்பு, அவருக்குப் பின்னால் உடற்கல்வி இயக்குநர், அவருக்குப் பின்னால் பொன்னாடைத் தட்டோடு இரண்டு மாணவிகள், எல்லாரும் அதன் மேல்தான் நின்றார்கள். "பாத்தியா?" என்றார் சார் மறுபடியும். "பாக்கல சார்." முழு உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டவரின் முகத்தைப் பார்த்து முழு உண்மையைச் சொல்லியிருக்கிறாள், அது எவ்வளவு லேசாக வெளியே வந்தது, வந்து எதற்கும் உதவாமல் கீழே விழுந்தது. சார் மூச்சை விட்டார். அவருக்கு அது போதுமாக இருந்தது. "பாக்கலேன்னா இருக்கிறது இருக்கட்டும். யாரும் கேக்கவும் இல்ல. முடிஞ்சதுக்கப்புறம் பேசிக்கலாம்." முடிந்ததற்கு அப்புறம் பேச என்ன இருக்கும் என்று அவள் கேட்பதற்குள் விருந்தினர் வந்துவிட்டார். "அம்பயரா? பொம்பளப் புள்ளையா? பலே." பொன்னாடை விரிந்து அவள் தோளில் விழுந்தது. புதுத்துணியின் கஞ்சி வாடை. புகைப்படக்காரர் "மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார். அவள் சிரித்தாள். வலக்கை தானாகவே மடங்கி நெஞ்சுப் பக்கம் வந்திருந்தது, அதைப் பொன்னாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வேறொரு நிகழ்ச்சி இருப்பதால் விருந்தினர் விடைபெறுகிறார் என்று ஒலிபெருக்கி சொன்னது. வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கார் அதே ஓடுபாதைமேல் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பெண்கள் கையுறைகளைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். தமயந்தி பொன்னாடையை மடித்துத் தண்ணீர்க் கேனின் மேல் வைத்துவிட்டு மூன்றாம் பேஸுக்குப் பின்னால் போய் நின்றாள். முன்பு நின்ற அதே இடம். தன் காலணித் தடம் இரண்டும் மண்ணில் அப்படியே இருந்தன, அவற்றுக்குள்ளேயே கால்களை வைத்தாள். பாண்டிச்செல்வி பேஸின் மேல் ஒரு காலை வைத்தாள். "வந்துருவேன் மேடம்," என்றாள், கேட்காமலே. "அடிக்கிறவ ஒரு உருட்டு உருட்டுனாப் போதும், வந்துருவேன்." தருமபுரியின் பந்து வீசுகிற பெண், பெயர் தெரியவில்லை, ஒல்லியான நெட்டை, மேட்டின் மேல் ஏறிக் காலால் மண்ணைச் சீய்த்தாள். சார் முகமூடியை இறக்கிக்கொண்டார். ஷாமியானாவுக்குள் ஆட்கள் நாற்காலியை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மத்தியானம் எங்கேயோ காதுகுத்து போல, விரிப்பு அங்கே போக வேண்டும், ஷாமியானாக்காரர் "சீக்கிரம் சுருட்டுங்கப்பா, பந்தலுக்கு நேரமாச்சு" என்றார். இரண்டு பேர் மைதானத்துப் பக்கம் இந்த ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சுருட்டத் தொடங்கினார்கள். சிவப்பு ஒரு பக்கமாக உருண்டு போனது, அடியிலிருந்து அமுங்கிய புல் வெளியே வந்தது. புல். வெறும் புல். இந்த ஓரத்தில் கோடு இல்லை. இன்னும் புல். நடுவிலும் இல்லை. பந்து வீசுகிறவள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துக் கையுறைக்குள் பந்தைத் தேடினாள். சுருள் கடைசி ஓரத்துக்குப் போய்விட்டது, அங்கே, நாற்காலிக் கால்கள் இருந்த இடத்துக்குக் கீழே, வெள்ளை. கோடு கொஞ்சமும் கலையாமல் இருந்தது, காலையில் தட்டியபோது இருந்த மாதிரியே, யாரும் மிதிக்காமல் விரிப்பு அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அவ்வளவு தள்ளியா? ஆறடி விரிப்பின் அந்தக் கோடியிலா? அப்படியானால்.

அவள் கண் தானாக இந்தப் பக்கம் வந்தது. விரிப்பு தொடங்கியிருந்த இடத்துக்கும் முன்னால், ஒரு முழம் முன்னால், வெறும் மண்ணில் நீலக் கிளிப் கிடந்தது. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் கிடந்தது. வரிசைக்குப் போகும்போது அதை மிதிக்காமல் சுற்றிப் போனாளே, ரூபாவதியின் கிளிப், அப்புறம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாளே. பந்து கையுறையில் விழுந்த அந்தத் தப்போடு தெறித்து நேராகக் காலடியில் விழுந்தது அது. காலடியில். அந்தக் கால் அங்கேதான் இருந்தது, கோட்டுக்கு ஏழடி உள்ளே, அதன் பிறகுதான் அந்த இரண்டு மூன்று எட்டு, அதன் பிறகுதான் நாற்காலி. அவள் பார்த்திருக்கிறாள். பார்க்கவில்லை என்று சாரிடம் சொன்னாளே, அது பொய். கூடத்தில் துண்டு விழுந்ததையும் பார்த்தாள். அப்பாவின் கை விட்டதனால்தான் துண்டு விழும். நிலைப்படிக்கு ஆறு எட்டு முன்னால், கூடத்திலேயே. அதை மிதிக்காமல் தாண்டினாள். பார்த்துக்கொண்டே தாண்டினாள்.

பந்து வீசுகிறவளின் இடது கால் மேலே போனது. ஆட்டத்தை நிறுத்த "டைம்" என்று சொல்ல வேண்டும், இரண்டு கையையும் தூக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். கை ஏறியது, தோள்வரை ஏறியது, வாய் திறந்தது, காற்று வந்தது, குரல் அந்தக் காற்றுக்குப் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. ஒல்லிக் கை முன்னால் சுழன்றது. பந்து அவள் விரலை விட்டது. பிடிப்பவளின் கையுறையில் தப் என்ற சத்தம், அதன் மேலேயே சாரின் கனத்த குரல், "ஸ்ட்ரைக்." தமயந்தியின் இரண்டு கைகளும் தோள் உயரத்தில், உள்ளங்கை வெளியே தெரிய, யாரோ துப்பாக்கி காட்டியதுபோல நின்றன. பேஸிலிருந்து நாலு எட்டு முன்னால் போயிருந்த பாண்டிச்செல்வி பின்னாலேயே ஓடிவந்து பேஸைத் தொட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள். "என்ன மேடம்?" ஷாமியானாக்காரர்கள் விரிப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர்களில் ஒருவருடைய வெறுங்கால் நீலக் கிளிப்பை மிதித்தது, அவர் காலைத் தூக்கிப் பார்த்து அதைத் தள்ளி உதைத்தார். அது உருண்டுபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள் தமயந்தி. "ஆட்டத்தப் பாரு."